வெறுங்குப்பி

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாம் மாடி ஆய்வகத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். பேராசிரியர் அம்மாள், அவருடைய மாணவியும் என் தம்பி மகளுமான சுண்டு, அவளுடன் வேலை செய்யும் மூன்றாம் மேசைக்காரர், இரும்புக்கடை வைத்திருக்கும் என் தம்பி, அவன் மனைவி, ஆய்வகத்தில் குப்பி கழுவும் அம்மா, நான். வாசலில் கூட்டம் கூடியதாகவும் காவலாளி வந்து விலக்கியதாகவும் சொல்வதெல்லாம் கண், மூக்கு வைத்துச் சொன்னது. ஏழு பேர்தான். நான் எண்ணினேன்.

எண்ணுவதும் நிறுப்பதும் அளப்பதும் முப்பத்தொரு வருடம் என் வேலையாக இருந்தன. நான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன். இல்லாவிட்டால் பூட்டி சீல் வைப்பேன். என் சொந்தத் தம்பியின் கடையில் ஆணி நிறுக்கும் தராசு கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவாகக் காட்டியபோது அதற்கும் சீல் வைத்தேன். நான்கு நாள் அவன் ஒரு ஆணிகூட விற்கவில்லை. ஐந்தாம் நாள் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, பசிக்குது, சாப்பாடு போடு. கிராம் கணக்கு பார்க்காம போடு" என்றான். போட்டேன்.

எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு எண்ணைக்கூடத் திருத்தியதில்லை. அதனால்தான் சுண்டுவின் எண்கள் மேல் சந்தேகம் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் காது அடைத்துவிட்டது.

பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அவளுக்கு அந்தப் பெயர். இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைப் பற்றி ஆய்வு செய்கிறாள். உடம்பில் ஆக்சிஜனின் முரட்டுத் துணுக்குகள் அந்தத் தடுப்பை அரிக்கின்றன, வைட்டமின் சி, ஈ இரண்டும் சேர்ந்தால் அந்த அரிப்பைக் குறைக்கின்றன என்று அவள் கிண்ணங்களில் வளர்த்த செல்களில் கண்டிருந்தாள். ஆய்வேட்டுக்கு அதுதான் முதுகெலும்பு.

அதைத்தான் மூன்றாம் மேசைக்காரர் ஒரு கூட்டத்தில் தட்டினார். "ஆறு கிண்ணம் அளந்தா ஆறும் ஒண்ணு போல ஒண்ணு வருது. இயந்திரம்கூட இப்படி அளக்காது. இது ஆய்வகத்துல வந்த எண்ணா, வீட்டுல உட்கார்ந்து எழுதின எண்ணா?"

அவர் கெட்டவர் அல்ல. எதையும் தட்டிப் பார்க்கும் ஆள். ஆனால் 'வீட்டில்' என்று சொல்லிவிட்டார். அந்த வீடு எங்கள் வீடு.

பேராசிரியர் ஒரு முடிவுக்கு வந்தார். சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆனால் எந்தக் குப்பியில் எது இருக்கிறது என்று சுண்டுவுக்கே தெரியக் கூடாது. வெளியாள் ஒருவர் குப்பிகளின் பெயரை எடுத்துவிட்டு வெறும் எழுத்து ஒட்டுவார். எந்த எழுத்து எந்தக் குப்பி என்பதை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, சீல் வைப்பார். சுண்டு எல்லாவற்றையும் அளந்து முடித்த பிறகுதான் உறை திறக்கும். எண்கள் நின்றால் ஆய்வேடு நிற்கும். இல்லாவிட்டால் நான்கு வருட உழைப்பு குப்பைக் கூடைக்கு.

"அழுதாலும் சொல்லாத ஆள் யாராவது உனக்குத் தெரியுமா?" என்று பேராசிரியர் கேட்டாராம். சுண்டு என்னைச் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் மேசைக்காரர் அதற்கும் குறுக்கே வந்தார். "அத்தையா? நல்லா இருக்கே. வீட்டுல எழுதினது போதாதுன்னு வீட்டுலயே சீலும் வைக்கப் போறாங்களா?"

நான் ஆய்வகத்துக்குப் போய் அவர் எதிரே நின்று என் முழுப்பெயரையும் வகித்த பதவியையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மார்க்கெட் முனை மளிகைக்கடையில எடைக்கல்லை எல்லாம் அள்ளிட்டுப் போனது நீங்களா?"

"பதினோரு கல். எல்லாம் அடியில் குடையப்பட்டவை."

"அது எங்க மாமா கடை." பிறகு பேராசிரியரிடம், "மேடம், எனக்கு ஆட்சேபணை இல்ல. இவங்க சொந்தப் பொண்ணா இருந்தாலும் உள்ளே தள்ளிடுவாங்க" என்றார்.

இப்படியாக என்னை நியமித்தார்கள். நடந்த அளவுக்குச் சொல்கிறேன்; பெருமைக்காக அல்ல.

மறுநாள் ஒரு சின்ன அறையில் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். மேசைமேல் பனிக்கட்டித் தட்டு. அதில் விரலளவு குப்பிகள், எல்லாம் வெளிச்சம் படாதபடி பழுப்புக் கண்ணாடி. முன்வரிசையில் நான்கு: 'சி', 'ஈ', 'சி-ஈ இரண்டும்', கடைசியாக 'வெறும் கரைசல்'. ஒன்று உடைந்தால் மாற்ற, பின்வரிசையில் அதே நான்கு இன்னொரு தடவை. பேராசிரியர் சொன்னது இவ்வளவுதான்: "நாலு குப்பிக்கு எழுத்து ஒட்டுங்க. தாளை சீல் பண்ணுங்க. சீல் உடையிற வரைக்கும் யார்கிட்டயும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பேச மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

கதவைச் சாத்தியதும் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. ஒரு கடைக்காரர் நேர்மையானவரா என்று பார்க்க ஆய்வாளருக்கு ஒரு வழி உண்டு. ஒரு கல்லைக் கொடுத்து நிறுக்கச் சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து அதே கல்லைத் துணியில் சுற்றி, வேறு பொருள்போல மறுபடி கொடுப்பேன். இரண்டு தடவையும் ஒரே எடை சொன்னால் அந்தக் கையை நம்பலாம். மாற்றிச் சொன்னால் அங்கேயே பூட்டு. சுண்டுவின் கை சுத்தம் என்று ஊரே ஒப்புக்கொள்ள இதைவிட நல்ல சோதனை ஏது? எனவே பின்வரிசையிலிருந்து 'சி-ஈ இரண்டும்' குப்பியை இன்னொன்று எடுத்துக்கொண்டேன். ஒரே கரைசல், இரண்டு எழுத்து.

ஆனால் எழுத்து ஒட்டக் கொடுத்த தாள் நான்குதான். ஐந்தாவது குப்பிக்கு இடமில்லை. எதை விடுவது என்று பார்த்தேன். 'வெறும் கரைசல்' கண்ணில் பட்டது. வைட்டமினே இல்லாத குப்பி. காலித் தட்டை நிறுப்பதற்கு ஒரு வாரம் வீணாக்குவதா என்று நினைத்து அதை எடுத்துவிட்டேன். க, ச, ட, த என்று நான்கையும் ஒட்டினேன். மிச்சக் குப்பிகளைப் பெட்டியில் போட்டு அரக்கு வைத்தேன். தாளில் நான் செய்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதி, உறைக்கும் அரக்கு வைத்தேன். அலுவலக முத்திரையை ஓய்வு பெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டதால், உருகின அரக்கின்மேல் என் கட்டைவிரலையே பதித்தேன். கொப்புளம் வந்தது. சீல் நன்றாக விழுந்தது.

ஞாயிறு மதியம் தம்பி வீட்டில் சாப்பாடு. நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். திங்கள்கிழமை சோதனை தொடங்குவதால் சுண்டு தரையில் கால் பாவாமல் இருந்தாள். தம்பி அவளிடம் கேட்டான்.

"நாலு வருஷமா நானும் தலையாட்டிட்டே இருக்கேன். இன்னைக்கு ஒரு தடவை எனக்குப் புரியிற மாதிரி சொல்லிடு. தடுப்பு தடுப்புங்கிறியே, அது சுவரா, கதவா?"

"சுவரும் இல்ல, கதவும் இல்லப்பா. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல உள்பக்கம் செல்லுங்க தோளோட தோள் ஒட்டி நிக்குதுங்க. நடுவுல ஊசி போகாது. மூளைக்கு வேண்டியதை மட்டும் தாங்களே கை மாத்தி உள்ள விடும். மத்ததுக்கு 'போ போ'தான்."

"உங்க அத்தை மாதிரி."

"அதே மாதிரி. அந்தச் செல்லுங்களை ஒரு சல்லடைமேல வளர்த்திருக்கேன். மேல ஒரு கம்பி, கீழ ஒரு கம்பி வச்சு மின்சாரம் விட்டுப் பார்ப்பேன். நெருக்கமா நின்னா மின்சாரம் போகத் திணறும், எண் பெருசா வரும். இடைவெளி விழுந்தா சுலபமா ஓடும், எண் இறங்கிடும். பெராக்சைடு ஊத்துனா இடைவெளி விழும். ஆக்சிஜன் அரிப்பு."

"துருவா?" தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அடடா, நம்ம தொழிலுக்கே வந்துட்டே."

"துரு இல்லப்பா. துருவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வச்சுக்கோங்க. ஈ வைட்டமின் செல்லோட கொழுப்புச் சுவருக்குள்ள உட்கார்ந்து அடியைத் தான் வாங்கிக்கும். சி வந்து அதைத் தட்டி எழுப்பி மறுபடி வேலைக்கு அனுப்பும்."

"அப்போ பெயிண்ட்டும், பெயிண்ட் அடிக்கிறவனும்."

"அப்படியே வச்சுக்கோங்க."

தம்பி மனைவி எழுந்து போய் ஒரு டப்பாவோடு வந்தாள். "இனிமே எல்லாரும் வேளைக்கு நாலு மாத்திரை."

"அம்மா, வேண்டாம். கிண்ணத்துல நடக்கிறது உடம்புல அப்படியே நடக்கும்னு யாரும் சொல்லல. அளவு மீறினா வேலியே பயிரைத் தின்னுடும். பழம் சாப்பிடு, போதும்."

"படிச்சவ சொல்றா, டப்பாவை உள்ள வை" என்றான் தம்பி. அவள் வைக்கவில்லை; மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நான், பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நாலு குப்பியில் எது முக்கியம்?" என்று கேட்டேன்.

"வெறுங்குப்பிதான் அத்தை" என்றாள் சுண்டு, தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "அதுதான் ராஜா. வைட்டமின் இல்லாட்டி தடுப்பு எவ்வளவு இடியும்னு அது காட்டினாத்தானே, வைட்டமின் எவ்வளவு காப்பாத்திச்சுன்னு சொல்ல முடியும்? அது இல்லேன்னா மத்த மூணையும் கொட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

கையிலிருந்த கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம், எந்தத் தராசிலும் முதலில் காலித் தட்டில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கல்லை வைத்திருக்கிறேன். அதை ஒரு கண நேரத்தில் செய்துவிடுவதால் அது ஒரு சோதனை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"அண்ணி, ஏன் முகம் வெளுத்துப்போச்சு?" என்றாள் தம்பி மனைவி. நாத்தனாரான என்னை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒன்றுமில்லை" என்று எழுந்துகொண்டேன்.

சொல்லிவிட்டால் அவள் வேறு குப்பிகளோடு தொடங்கலாம். ஆனால் சோதனைக்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அத்தை உறையின் ரகசியத்தைச் சொன்னாள் என்று ஆகிவிடும். மூன்றாம் மேசைக்காரருக்கு அது போதும். பேராசிரியரிடம் போய்ச் சொல்லலாமென்றால், அவரிடமும் பேச மாட்டேன் என்றுதான் வாக்கு. சொன்னால் சுண்டுவின் பெயர் போகும். சொல்லாவிட்டால் சுண்டுவின் வாரம் போகும். வாரத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம் என்று தீர்மானித்தேன்.

என் முகமும் ஒரு தாள்தான். அதையும் சீல் வைக்க வேண்டும். நான் என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆறு நாள் சுண்டுவைப் பார்க்கவில்லை. அவள் தொலைபேசியில் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. தம்பி மனைவி தினமும் வந்து கதவுச் சங்கிலிக்குள் கை விட்டு மாத்திரை நீட்டினாள்.

"அண்ணி, உங்களுக்கு மூளைத் தடுப்புல ஓட்டை விழுந்திருக்கு. எனக்கு நல்லாத் தெரியுது. வாயைத் திறங்க."

"சனிக்கிழமை திறக்கிறேன்."

"அதுவரைக்கும் பட்டினியா?"

"வாயைத் திறக்காமல் சாப்பிடுவேன். நீ போ."

அவள் நேரே கடைக்குப் போய் என் தம்பியிடம், "உங்க அக்காவுக்குக் கழண்டுடுச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அவன், "அவளுக்கு எல்லாமே முறுக்கித்தான் இருக்கும், கழலாது" என்றானாம்.

சனிக்கிழமை வந்தது. முன்பு சொன்ன ஏழு பேரும் கூடினோம். உறை மேசை நடுவில் இருந்தது. நான் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தேன்.

சுண்டு பலகையில் எழுதினாள். தொடக்கத்தில் எல்லாக் கிண்ணங்களும் சராசரி நூற்றெண்பது. பெராக்சைடு ஊற்றிய பின் க, நூற்று இருபத்தொன்று. ட, நூற்றுப் பன்னிரண்டு. ச, நூற்று அறுபத்து மூன்று. த, நூற்று அறுபத்து மூன்று.

மூன்றாம் மேசைக்காரர் பலகையருகே போனார். "எதுவுமே இடியலையே. வெறுங்குப்பி போட்ட கிண்ணம் பாதிக்குக் கீழ விழுந்திருக்கணும். உங்க பெராக்சைடு செத்துப்போச்சு. ஒரு வாரம் பச்சைத் தண்ணியை ஊத்தி அளந்திருக்கீங்க."

"செத்துப்போகல. அதே நாள், அதே பாட்டில், மீதியிருந்த மூணு கிண்ணத்துல வைட்டமினே போடாம ஊத்திப் பார்த்தேன். அம்பத்தெட்டுக்கு விழுந்துச்சு. குறிப்பேட்டுல தேதி, நேரம் எல்லாம் இருக்கு."

"அப்போ இது என்ன?" என்றார் பேராசிரியர்.

சுண்டு என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துச் சொன்னாள். "வெறுங்குப்பி இந்த நாலுல இல்ல மேடம். கவும் டவும் ஒத்தை வைட்டமின். சவும் தவும் ரெண்டும் சேர்ந்தது. ஒரே குப்பிதான், ரெண்டு எழுத்து."

குப்பி கழுவும் அம்மா குழாயை மூடினார்.

"நல்லாருக்கு கதை" என்றார் மூன்றாம் மேசைக்காரர். "எண் சரியா வரலேன்னா அத்தை மேல பழியா? இவங்க எடைக்கல்லுல தூசி இருந்தாலே எழுதி வைக்கிற ஆளு."

"எங்க அத்தையை உங்களுக்குப் பதினோரு கல்லுலதான் தெரியும்" என்றாள் சுண்டு. "எனக்கு இருபத்தெட்டு வருஷமாத் தெரியும். பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா யாரையும் ஒரு தடவை சோதிக்காம விடவும் மாட்டாங்க. சின்ன வயசுல என்னை ஒரே கணக்கை ரெண்டு தாள்ல எழுதிப் போடச் சொல்வாங்க."

பேராசிரியர் உறையைக் கையில் எடுத்தார். "யோசிச்சுச் சொல்லு. நீ சொன்னதுக்கு மாறா உள்ள இருந்தா, உன் அளவுகளை இனிமே நான் ஏத்துக்க மாட்டேன். ஆய்வேடு இங்கேயே நின்னுடும்."

"யோசிச்சாச்சு மேடம். பிரிங்க."

தம்பி என் காதருகே குனிந்தான். "அக்கா, இருமலாவது இருமு."

நான் இருமவில்லை. இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. தொண்டை முழுக்க இருமல்தான் இருந்தது.

பேராசிரியர் அரக்கை வெளிச்சத்தில் பார்த்தார். என் கட்டைவிரலை வாங்கி, கொப்புளம் ஆறிய தழும்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றாம் மேசைக்காரரும் பார்த்துத் தலையசைத்தார். அரக்கு உடைந்தது. பேராசிரியர் தாளை வாசித்தார்.

"க, சி மட்டும். ச, இரண்டும். ட, ஈ மட்டும். த, இரண்டும், கையின் நேர்மையைச் சோதிக்க இரண்டாம் முறை வைக்கப்பட்டது. வெறும் கரைசல் சேர்க்கப்படவில்லை. ஒப்பம்."

மூன்றாம் மேசைக்காரர் தாளை வாங்கி மூன்று தடவை படித்தார். பலகையில் இருந்த இரண்டு நூற்று அறுபத்து மூன்றையும் பார்த்தார். குறிப்பேட்டை வாங்கி ஆறு ஆறு கிண்ணங்களாகப் பன்னிரண்டு அளவையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு போல ஒண்ணு யாராலயும் அளக்க முடியாதுன்னு சொன்னேன். தெரியாமலே அளந்திருக்காங்க. நான் சொன்னது தப்பு. வீட்டைப் பத்திச் சொன்னதும் தப்பு." அதை எல்லாரும் கேட்கச் சொன்னார். நானும் கேட்டேன்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க என் மாணவியைக் காப்பாத்திட்டீங்க. சோதனையைக் கெடுத்துட்டீங்க."

"ஆமாம்" என்றேன்.

"இனிமே இந்தக் கட்டடத்துல பசை, ஒட்டுத்தாள் எதையும் நீங்க தொடக் கூடாது."

"நியாயம்" என்றேன். அவ்வளவுதான் நான் வாயால் பேசியது. ஆறு நாளாக மூடியிருந்த வாய் அதற்குமேல் திறந்தபோது பேச்சு வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நான் சிரித்ததைப் பார்த்துத் தம்பி மனைவி பயந்துபோய் மாத்திரை டப்பாவைத் திறக்க, அது கை நழுவி, ஆரஞ்சு நிற மாத்திரைகள் அறை முழுக்க உருண்டன. தம்பி அவற்றைப் பிடிக்கக் குனிந்து மேசைக்கு அடியில் முட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுண்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஆறு நாள் எப்படி அத்தை வாயை மூடிட்டிருந்தீங்க?"

"எண் உன்னுடையது. வாய் என்னுடையது" என்றேன். பிறகு நடந்தது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. கால் தானாக எழுந்தது.

சோதனையைச் சுண்டு மறுபடி செய்தாள். இம்முறை எழுத்து ஒட்டியவர் பக்கத்துக் கட்டடத்து நூலகர். சொன்ன நான்கையும் சொன்னபடி ஒட்டும் நல்ல மனிதர். வெறுங்குப்பி போட்ட கிண்ணங்கள் அறுபதுக்கு விழுந்தன. இரண்டு வைட்டமினும் போட்டவை நூற்று அறுபத்தைந்தில் நின்றன. கிண்ணத்தில் கண்டது கிண்ணத்தோடு சரி, மனித உடம்பைப் பற்றி இதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது என்று அவளே ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். அந்த வரியை நான் நான்கு தடவை படித்தேன். எங்கள் குடும்பத்து வரி. ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். சின்ன அறையின் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'எழுத்து ஒட்டுபவர் குப்பிகளைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.' யாரால் வந்த விதி என்று அதில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் எனக்கு மறுப்பில்லை.

ஒரு வதந்தியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. உறை பிரிந்த பிறகு நான் மூன்றாம் மேசைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தை மூன்று சுற்று ஆடி வந்ததாகக் குப்பி கழுவும் அம்மா எல்லா மாடியிலும் சொல்லி வருகிறார். அது தவறு. இரண்டரைச் சுற்று.